சூடானா ஸ்டார்ட் எடுக்காத 94 சிவிக்: டிஸ்ட்ரிபியூட்டரை மாத்துறதுக்கு முன்னாடி எதையெல்லாம் பார்க்கணும்?

ஈசூன் வண்டி:
வணக்கம் அண்ணன்மாரே. 1994 ஹோண்டா சிவிக், 1.6, மேனுவல், டிஸ்ட்ரிபியூட்டர் (தீப்பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரிச்சு அனுப்புற பாகம்) உள்ள எஞ்சின். சிஓஇ (சிங்கப்பூரில் கார் வச்சிருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழ்) புதுப்பிச்ச வண்டி. தொந்தரவு மூணு விதமா வருது.

மத்தியானம் அரை மணி நேரம் ஓட்டி, திறந்தவெளி கார்பார்க்கில் நிறுத்தி, பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து சாவியைத் திருப்பினா ஸ்டார்ட்டர் நல்லா சுத்துது, எஞ்சின் பிடிக்கல. கண்ணாடியை இறக்கி விட்டு கால் மணி நேரம் காத்திருந்தா பிடிச்சுக்குது.

சிடிஇ விரைவுச்சாலை நெரிசலில் ஊர்ந்து போகும்போது திடீர்னு ஒரு குலுக்கல். ஆர்பிஎம் முள் பூஜ்யத்துக்கு விழுந்து உடனே ஏறுது. ரெண்டு தடவை எஞ்சின் அப்படியே நின்னு போச்சு.

ராத்திரி மழை பெய்தா, காலையில் ஐடிலில் நடுங்குது. ஐந்து நிமிஷத்தில் சரியாகுது.

பேட்டரி, பிளக், பெட்ரோல் ஃபில்டர் மாத்தியாச்சு. ஒர்க்‌ஷாப்பில் வண்டி நிக்கிற நேரத்தில் கோளாறு வர்றதில்லை. அடுத்து டிஸ்ட்ரிபியூட்டரை முழுசா மாத்தலாம்னு சொல்றாங்க. மல்டிமீட்டர் இருக்கு, ஓரளவு பயன்படுத்தத் தெரியும். நானே என்னென்ன பார்க்கலாம்?

ஓம் விதி:
தம்பி, டிஸ்ட்ரிபியூட்டரை இப்போதைக்குத் தொடாதீங்க. நீங்க எழுதினதில் மூணு தனித்தனிக் கோளாறு தெரியுது. மூணையும் ஒண்ணுன்னு நினைச்சா எந்தப் பாகத்தை மாத்தினாலும் பாதிதான் தீரும், அப்புறம் மாத்தின பாகத்து மேலேயே சந்தேகம் வரும்.

விட்டு விட்டு வர்ற கோளாறில் கோளாறு இருக்கிற அந்த நிமிஷம்தான் பரிசோதனைக்கு உதவும். வண்டி நல்லா ஓடும்போது எதை அளந்தாலும் நல்லாத்தான் காட்டும். அதனால எஞ்சின் பிடிக்காத நேரத்தில் சாவியை ஓயாமல் திருப்பிக்கிட்டு இருக்காமல், எது காணாமல் போச்சுன்னு பாருங்க: மின்சாரமா, தீப்பொறியா, பெட்ரோலா.

முதல் கோளாறுக்கு மீட்டரே வேண்டாம். சூட்டில் பிடிக்காத நேரத்தில் சாவியை ஸ்டார்ட்டர் வரை கொண்டுபோகாமல் ஆன் நிலையில் நிறுத்துங்க. செக் எஞ்சின் விளக்கு 2 வினாடி எரிஞ்சு அணையணும். அதே 2 வினாடி பின்சீட்டுப் பக்கம் பெட்ரோல் பம்ப் முனகுற சத்தம் கேட்கணும். ஏசி ஊதுவானையும் ரேடியோவையும் அணைச்சிட்டுக் கேளுங்க. இந்த வண்டியில் மெயின் ரிலேன்னு ஒரு சின்னப் பெட்டி டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கு. அதுக்குள்ள ரெண்டு ரிலே. ஒண்ணு இசியூவுக்கும் (எஞ்சினை நடத்துற கணினி) பெட்ரோலைத் தெளிக்கிற இன்ஜெக்டருக்கும் மின்சாரம் தருது, இன்னொண்ணு பம்ப்புக்கு. விளக்கே எரியலைன்னா இசியூவுக்கு மின்சாரம் போகலை. முதல் ரிலேயையோ சாவி சுவிட்சையோ பாருங்க. விளக்கு ஒழுங்கா எரிஞ்சு அணைஞ்சும் பம்ப் ஊமையா இருந்தா ரெண்டாவது ரிலே, இல்லைன்னா பம்ப், இல்லைன்னா நடுவில் உள்ள வயர். விளக்கும் பம்ப்பும் ரெண்டும் சரின்னா தீப்பொறியைத் தேடுங்க.

கண்ணாடியை இறக்கி வச்சா பிடிச்சுக்குதுன்னு எழுதியிருக்கீங்க. அதனாலதான் ரிலே மேலே எனக்குச் சந்தேகம். அந்தப் பெட்டி காருக்கு உள்ளேதான் இருக்கு, எஞ்சின் சூடு அதை எட்டாது. நம்ம ஊர் வெயிலில் மூடிக் கிடக்கிற காரின் உள்சூடு எட்டும். முப்பது வருஷமா சூடாகி ஆறி, ரிலேயின் தடித்த கால்களைச் சுத்தி ஈயப்பற்றில் வட்டமா மயிரிழை வெடிப்பு விழும். சூட்டில் விரிஞ்சு தொடர்பு விடும், ஆறினா திரும்ப ஒட்டிக்கும்.

ரெண்டாவது கோளாறில் ஆர்பிஎம் முள் சொல்றது பெரிய தகவல். கியரில் ஓடுற வண்டியில் பெட்ரோல் நின்னா சக்கரம் எஞ்சினைச் சுத்திக்கிட்டே இருக்கும், முள் எஞ்சின் வேகத்தோடு மெதுவாத்தான் இறங்கும். முள் ஒரேயடியா விழுந்தா இக்னிஷனின் பிரைமரி பக்கம் (பொறிக்கு உயர் மின்னழுத்தம் தர்ற காயிலுக்கு 12 வோல்ட் போற வழி) அறுந்திருக்கு: சாவி சுவிட்ச், கனெக்டர், இக்னைட்டர் (காயிலின் மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கிற மின்னணு சுவிட்ச்), அல்லது டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள உள்ள சென்சார். இவற்றில் எதுன்னு பிரிக்க ஒரு வழி. எஞ்சின் நிக்கிற கணத்தில் பேட்டரி விளக்கும் ஆயில் விளக்கும் பளிச்சுன்னு எரிஞ்சா சாவி வழி மின்சாரம் இருக்கு, டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள தேடணும். விளக்குகளும் சேர்ந்து செத்துப்போனா மின்சாரமே வரலை, சாவி சுவிட்சுக்குப் போங்க.

சுங்கை காடுட் மின்பணி:
மேலே சொன்னதை ஏற்கிறேன். அளவுகளைச் சேர்க்கிறேன்.

பழைய வண்டியில் மல்டிமீட்டரை நம்பி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரு வயரில் இருபது இழை இருந்து பத்தொன்பது அறுந்துபோனாலும் மீட்டர் 12 வோல்ட் என்றே காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் மின்சாரம் மிகச் சொற்பம். அதே வயரின் முனையில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பை மாட்டுங்கள். அது ஏறக்குறைய 1.75 ஆம்ப் இழுக்கும். பல்பு மங்கினால் வயரோ கனெக்டரோ கெட்டது. ஆகவே தனியாக வோல்ட்டேஜ் பார்ப்பதைவிட, சுமை ஓடும்போது எவ்வளவு வோல்ட் வழியில் தொலைகிறது என்று பார்ப்பதே சரியான சோதனை. இசியூ, சென்சார் வயர்களில் மட்டும் பல்பைப் போடாதீர்கள். அவ்வளவு மின்சாரத்தை அவை தாங்காது.

அளக்க வேண்டியவை:

பேட்டரி: வண்டி ஓய்வில் இருக்கும்போது 12.4 முதல் 12.6 வோல்ட். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6-க்குக் கீழே போகக் கூடாது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5.

எர்த் (மின்சாரம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி): மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் கம்பத்தில் (கிளாம்பில் வேண்டாம், ஈயக் கம்பத்திலேயே), மறுமுனை எஞ்சின் பிளாக்கின் சுத்தமான உலோகத்தில். ஒருவர் ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. தாண்டினால் எர்த் பட்டையைக் கழற்றித் தேய்க்க வேண்டும்.

இசியூ எர்த்: இந்த எஞ்சினில் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் போல்ட் போட்டிருப்பார்கள். கூலன்ட் வேலை நடந்த வண்டிகளில் இந்தப் போல்ட் தளர்ந்தோ பச்சை பூத்தோ கிடப்பது வழக்கம். எஞ்சின் ஓடும்போது பேட்டரி நெகட்டிவிலிருந்து அந்த வளையத்துக்கு 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது.

இக்னிஷன் வழி: இதுதான் உங்களுக்கு முக்கியம். மீட்டரின் சிவப்பு முனை பேட்டரி பாசிட்டிவில், கறுப்பு முனை டிஸ்ட்ரிபியூட்டர் கனெக்டரின் கறுப்பு-மஞ்சள் வயரில். எஞ்சின் ஓட வேண்டும். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. அப்படியே சாவியை லேசாக மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், எண் துள்ளுகிறதா என்று.

கனெக்டரின் முன்வாயில் மீட்டர் முனையைத் திணிக்காதீர்கள். பெண் டெர்மினல் அகன்றுவிடும், நீங்களே புதிதாக ஒரு கோளாறை உண்டாக்கி வைப்பீர்கள். பின்பக்கம் வயரோடு ஒட்டி ஒரு குண்டூசியை நுழைத்து அளங்கள்.

கோளாறு எண்: டேஷ்போர்டுக்கு அடியில், பயணி பக்கம், 2 பின் உள்ள நீலக் கனெக்டரை ஒரு வயர்த் துண்டால் இணைத்துச் சாவியை ஆன் செய்தால் செக் எஞ்சின் விளக்கு மின்னும். நீள மின்னல் பத்து, குட்டை மின்னல் ஒன்று. 4, 8, 9 மூன்றும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள சென்சார்கள். 15 என்றால் இக்னிஷன் சிக்னல். பக்கத்திலேயே 3 பின் கனெக்டர் ஒன்று தொங்கும், அதை இணைத்துவிடாதீர்கள்.

மழைக் கோளாறுக்கு இருட்டிய பிறகு பானெட்டைத் திறந்து, எஞ்சின் ஓடும்போது பிளக் வயர்கள் மேலும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி மேலும் பூச்செடிக்குத் தெளிக்கும் போத்தலால் பனிபோல நீர் தெளியுங்கள். கசியும் இடத்தில் நீலப் பொறி ஓடும். கையை வைக்காதீர்கள், விசிறிக்கும் பெல்ட்டுக்கும் எட்டி நில்லுங்கள்.

பாயிண்ட் செட்:
முப்பது வயசு வண்டி. இக்னைட்டர் எப்படியும் ஒரு நாள் போகும். விலை பெரிசில்லை. ஒண்ணு வாங்கி மாட்டிட்டு அப்புறம் மத்ததைப் பார்க்கலாமே? அளந்து அளந்து வார இறுதி முழுக்கப் போயிடும்.

ஓம் விதி:
அண்ணே, அதில் எனக்கு உடன்பாடில்லை. இப்போ சந்தையில் கிடைக்கிற மலிவு இக்னைட்டர் எல்லாம் ஒரே தரமில்லை. நல்ல பழையதைக் கழட்டிட்டு மோசமான புதுசை மாட்டினா நாலாவதா ஒரு கோளாறு சேரும், அதுவும் விட்டு விட்டுத்தான் வரும். சோதிச்சுக் கெட்டுப்போனது உறுதின்னா அசல் பாகத்தையோ நம்பகமான ஜப்பான் தயாரிப்பையோ வாங்கலாம். சோதனையும் ரொம்ப எளிது. தீப்பொறி வராத நேரத்தில் காயிலின் பாசிட்டிவில் 12 வோல்ட் இருக்கான்னு முதலில் பாருங்க. இருந்தா, 12 வோல்ட் எல்இடி டெஸ்ட் லைட்டின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவில், மறுமுனையை காயிலின் நெகட்டிவில் வச்சு ஸ்டார்ட்டரைச் சுத்துங்க. லைட் மினுக்கினா இக்னைட்டர் வேலை செய்யுது, பொறி வராததுக்குக் காயிலோ, டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள சுத்திப் பொறியைப் பங்கிடுற ரோட்டரோ காரணம். மினுக்கலைன்னா இக்னைட்டர், அல்லது அதுக்கு உத்தரவு கொடுக்கிற இசியூ, சென்சார்.

காயிலை ஓமில் அளக்கிறவங்க ஒண்ணு கவனிக்கணும். பிரைமரி 0.6 முதல் 0.8 ஓம்னு சொல்றது 20 டிகிரிக்கு. செம்பின் தடை ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 விழுக்காடு கூடும். 20 டிகிரியில் 0.7 ஓம் இருக்கிற காயில், எஞ்சின் சூட்டில் 90 டிகிரிக்கு வந்தா 0.9 காட்டும். அது கெட்ட காயில் கிடையாது. மீட்டர் வயருக்கே 0.2, 0.3 ஓம் இருக்கும். ரெண்டு முனையையும் ஒண்ணோடொண்ணு தொட்டு வர்ற எண்ணைக் கழிச்சிடுங்க. இந்த ரெண்டும் தெரியாமல் எத்தனையோ நல்ல காயில் குப்பைக்குப் போகுது.

இன்னொண்ணு: பொறி வருதான்னு பார்க்க பிளக் வயரைக் கழட்டிக் காத்தில் விடாதீங்க. போக வழியில்லாத உயர் மின்னழுத்தம் காயிலின் உள் காப்பைக் கிழிச்சிடும், இக்னைட்டரையும் சேர்த்துக் கொல்லும். எர்த் கிளிப் உள்ள ஸ்பார்க் டெஸ்டர் போட்டுத்தான் பார்க்கணும்.

ஈசூன் வண்டி:
ரொம்ப நன்றி அண்ணே. இந்த வாரம் அளந்தது:

பேட்டரி ஓய்வில் 12.5, ஸ்டார்ட்டரில் 10.3, ஓடும்போது 14.2. நெகட்டிவிலிருந்து பிளாக்குக்கு ஸ்டார்ட்டர் சுத்தும்போது 0.42. தெர்மோஸ்டாட் எர்த் 0.06. பேட்டரி பாசிட்டிவிலிருந்து கறுப்பு-மஞ்சள் வயருக்கு 1.3, சாவியை அசைச்சா 1.9 வரை துள்ளுது. கோளாறு எண் 15.

நேத்து மத்தியானம் சூட்டில் பிடிக்கலை. விளக்கு 2 வினாடி எரிஞ்சு அணைஞ்சது, பம்ப் சத்தமே இல்லை. ராத்திரி தண்ணி தெளிச்சதில் மூன்றாவது பிளக் வயர் மூடிக்குள்ள நுழையுற இடத்தில் நீலப் பொறி தெரிஞ்சுது. எண் 15 வந்திருக்கிறதால இக்னைட்டர்தானே?

சுங்கை காடுட் மின்பணி:
நன்றாக அளந்திருக்கிறீர்கள். எண் 15-ஐ வைத்து இக்னைட்டர் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். இக்னைட்டருக்கு மின்சாரம் ஒரு கணம் அறுந்தாலும் அதே எண்தான் விழும். உங்கள் வண்டியில் அந்த மின்சார வழியில் 1.3 வோல்ட் தொலைகிறது, சாவியை அசைத்தால் துள்ளுகிறது. முள் விழுவதற்கான காரணத்தை அங்கேதான் தேட வேண்டும்.

சாவி சுவிட்ச் என்பது இரண்டு பகுதி. சாவி நுழையும் பூட்டு ஒன்று, அதன் பின்னால் இரண்டு ஸ்குரூவில் நிற்கும் மின் சுவிட்ச் ஒன்று. தேய்வது பின்னால் உள்ள சுவிட்ச். அதை மட்டும் மாற்றினால் போதும், சாவியை மாற்ற வேண்டாம். உள்ளே செம்புத் தகடுகள் கருகி, குழி விழுந்திருக்கும். கனமான சாவிக்கொத்தைத் தொங்கவிட்டு ஓட்டினால் தேய்மானம் கூடும்.

சுவிட்சை வாங்கும் முன் ஒரு வேலை. ஸ்டியரிங் தண்டின் கீழ் உறையைக் கழற்றி, சுவிட்சிலிருந்து வரும் வயர்க் கட்டைப் பின்தொடருங்கள். நம் ஊரில் கைமாறிய பழைய வண்டிகளில் யாரோ எப்போதோ அலாரம் போட்டிருப்பார்கள். இக்னிஷன் வயரை வெட்டி நடுவில் ஒரு ரிலே சேர்த்திருப்பார்கள், நீல நிறக் கடிப்பான் கனெக்டர்களால். அந்தக் கடிப்பான் வயரின் தோலைக் கிழித்து இழைகளைப் பாதி வெட்டிவிடும், பிறகு நம் காற்றின் ஈரத்தில் செம்பு பச்சை பூக்கும். பசை உருகி ஒழுகும் கறுப்பு டேப் தெரிந்தால் அங்கே நில்லுங்கள். 1.3 வோல்ட் அந்த இணைப்பிலேயே போய்க்கொண்டிருக்கலாம். இணைப்புக்கு முன்னும் பின்னும் மீட்டரை வைத்தால் எவ்வளவு தொலைகிறது என்று நேராகத் தெரியும். தேவையில்லாத அலாரம் என்றால் எடுத்துவிட்டு, அதே தடிமன் வயரால் ஈயப்பற்று வைத்து, சுருங்கும் குழாய் போட்டு மூடுங்கள். இஆர்பி (மின்னியல் சாலைக் கட்டணம்) கருவியின் வயரை மட்டும் நீங்களாகத் தொடாதீர்கள். அதற்கு அங்கீகாரம் பெற்ற பட்டறைதான்.

ஏர்பேக் உள்ள வண்டி என்றால் ஸ்டியரிங் பக்கம் கை வைக்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி 3 நிமிடம் காத்திருங்கள். மஞ்சள் உறை போட்ட வயர்களை மீட்டரால் சோதிக்கவே கூடாது.

எர்த் 0.42 கூடுதல்தான். பேட்டரியிலிருந்து பாடிக்கும் பாடியிலிருந்து எஞ்சினுக்கும் போகும் பட்டைகளைக் கழற்றி, உலோகம் பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள். முதலில் கிரீஸ், பிறகு போல்ட் என்ற வரிசை வேண்டாம்.

ஓம் விதி:
பம்ப் ஊமையா இருந்ததும் விளக்கு சரியா எரிஞ்சதும் ரெண்டாவது ரிலேயைத்தான் காட்டுது. ஆனா பம்ப்பின் மேலே உள்ள சந்தேகத்தையும் தீர்த்துடுங்க: பின்சீட்டுக்கு அடியில் பம்ப் கனெக்டரில் 21 வாட் பல்பை மாட்டி, சூட்டில் பிடிக்காத நேரத்தில் சாவியை ஆன் பண்ணுங்க. 2 வினாடி பல்பு எரிஞ்சா ரிலே நல்லது, பம்ப்தான் கெட்டது. எரியலைன்னா ரிலேயைக் கழட்டுங்க. பெட்ரோல் ஆவி இருக்கிற இடம், கதவுகளைத் திறந்து வச்சு, பல்பை முதலில் மாட்டிட்டு அப்புறம் சாவியைத் திருப்புங்க. கனெக்டரில் பொறி பறக்கக் கூடாது.

வெயிலுக்காகக் காத்திருக்க முடியலைன்னா ரிலேயை மட்டும் ஹேர் டிரையரால் சூடாக்குங்க. கை பொறுக்காத சூடு போதும், பிளாஸ்டிக் வளையக் கூடாது. பம்ப் சத்தம் நின்னா பிடிபட்டாச்சு. இதே வேலையை இக்னைட்டருக்கும் செய்யலாம். அதை ஆற வைக்க ஃப்ரீசர் ஸ்ப்ரே. சிம் லிம் டவரில் பாகங்கள் விற்கிற கடைகளில் ஸ்ப்ரே, ஈயம், சுருங்கும் குழாய் எல்லாமே தேடலாம்.

ரிலேயை ஈயப்பற்று வைக்கிறவங்க செய்யற தப்பு, பழைய ஈயத்தையே உருக்கி விடுறது. வெடிப்பில் ஆக்சைடு இருக்கும், மேலே பளபளப்பா மூடும், உள்ளே ஒட்டாது, ஆறு மாசத்தில் திரும்ப வரும். ஈயம் உறிஞ்சும் பின்னலால் பழசை முழுசா எடுத்துட்டு, 60/40 ரோசின் ஈயத்தைப் புதுசா வைங்க. தடித்த கால்கள் சூட்டை உறிஞ்சும், அதனால 40 முதல் 60 வாட் சால்டரிங் அயர்ன் வேணும். பூதக்கண்ணாடியில் வெடிப்பு தெரியுற கால்களோடு நிறுத்தாமல் எல்லாக் கால்களுக்கும் புதுசு வைங்க.

மழைக் கோளாறுக்கு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழட்டி உள்ளே பாருங்க. டெர்மினல்களுக்கு நடுவில் பென்சில் கோடு மாதிரி கறுப்பு இழை தெரிஞ்சா அது கார்பன் வழி. துடைச்சாப் போகாது, மூடியையும் ரோட்டரையும் சேர்த்து மாத்தணும். வயர் ஒவ்வொண்ணும் 25 கிலோஓமுக்குள் இருக்கணும். பிளக் குழியில் எஞ்சின் ஆயில் தேங்கியிருந்தா வால்வ் கவரின் குழாய் சீலையும் மாத்துங்க, இல்லைன்னா புது வயரின் ரப்பரும் ஊறி வீங்கும். மூடியைத் திறந்திருக்கும்போதே பாருங்க: செம்மண் மாதிரி தூள் படிஞ்சிருந்தா உள்ளே பேரிங் தேயுது, ஆயில் இருந்தா சீல் போயிடுச்சு. அந்த ரெண்டில் ஒண்ணு இருந்தாத்தான் முழு டிஸ்ட்ரிபியூட்டர் பேச்சு.

பாயிண்ட் செட்:
சரி, அளந்து பார்த்ததில் வழி தெரிஞ்சிருக்கு. இக்னைட்டரைக் கழட்ட நேர்ந்தா ஒண்ணு மறக்காதீங்க: அது சூட்டைக் கடத்துற தகட்டில் உட்காருது. பழைய வெள்ளைப் பசையைத் துடைச்சிட்டு ஹீட்சிங்க் பசையை மெல்லிசா தடவி மாட்டணும். காய்ஞ்சு போன பசையோட மாட்டினா அசல் பாகமும் சீக்கிரம் வெந்துபோகும்.

பாயிண்ட் வகைப் பழைய வண்டி (இக்னைட்டருக்குப் பதிலா திறந்து மூடுற தொடுமுனை உள்ளது) வச்சிருக்கிறவங்களுக்கு: சாவியைத் திருப்பும்போது பிடிச்சு, விட்டதும் அணைஞ்சா பாலஸ்ட் ரெசிஸ்டர். சூட்டில் மட்டும் பின்னடிச்சா கண்டென்சர். பாயிண்ட் முகம் கருகி நீலம் பூத்திருந்தாலும் அதேதான். ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் வெட்டினா, வாக்குவம் அட்வான்ஸ் தட்டோட சேர்ந்து அசையுற சின்ன வயர் தோலுக்குள்ளேயே அறுந்திருக்கும். வெளியே பார்த்தா முழுசாத் தெரியும், ரெண்டு விரலால் இழுத்தா ரப்பர் மாதிரி நீளும்.

ஈசூன் வண்டி:
மூன்றாவது வயர் இடத்தில் மூடியில் கறுப்புக் கோடு இருக்கு அண்ணே. சாவிக்குக் கீழே நீலக் கடிப்பான் கனெக்டர் ரெண்டு இருக்கு, ஒண்ணுக்கு முன்னும் பின்னும் 0.9 வோல்ட் காட்டுது. ரிலேயை இன்னும் திறக்கலை. எல்லாத்தையும் ஒரே நாளில் செஞ்சிடலாமா?

சுங்கை காடுட் மின்பணி:
வேண்டாம், ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். முதலில் அலாரம் இணைப்பு. சரி செய்த பிறகு மறுபடியும் அளங்கள். 1.3-இல் 0.9 போனால் 0.4 மிஞ்சும், அது 0.5-க்குள் வருவதால் சாவி சுவிட்ச் வாங்கும் செலவும் மிச்சமாகலாம். ஆனால் சாவியை அசைத்து எண் துள்ளுகிறதா என்று மறக்காமல் பாருங்கள். துள்ளினால் சுவிட்சையும் மாற்றத்தான் வேண்டும். அடுத்து மூடி, ரோட்டர். கடைசியில் ரிலே.

வேலை முடிந்ததும் 12 வோல்ட் எல்இடி இரண்டு வாங்குங்கள், உள்ளேயே ரெசிஸ்டர் உள்ள வகை. ஒன்று கறுப்பு-மஞ்சள் வயரிலிருந்து, இன்னொன்று பம்ப் வயரிலிருந்து, இரண்டிலும் 1 ஆம்ப் ஃபியூஸ் போட்டு, பார்வை படும் இடத்தில் டேஷ்போர்டில் ஒட்டி வைத்து இரண்டு மூன்று வாரம் ஓட்டுங்கள். மறுபடி நின்றால் எந்த விளக்கு முதலில் அணைந்தது என்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். எஞ்சின் நிற்கும் கணத்தில் இரண்டும் எரிந்துகொண்டிருந்தால், அப்போது இக்னைட்டரைச் சோதிக்கலாம்.

அந்த வாரங்களில் சுரங்கச் சாலைகளைத் தவிர்த்து ஓட்டுங்கள். விரைவுச்சாலையில் நின்றுவிட்டால் அபாய விளக்கைப் போட்டு, இடது ஓரத்துக்கு உருட்டி, தடுப்புக்கு அப்பால் போய் நில்லுங்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி அருகிலுள்ள குறிப்பிட்ட கார்பார்க்குக்கு இலவசமாக இழுத்துச் சென்று விடும். அங்கே போய் மீட்டரை எடுத்துக்கொள்ளலாம். சாலை ஓரத்தில் பானெட்டைத் திறந்து சோதிக்க வேண்டாம்.